பேர் போடாத படம்

கடப்பாக்கம்
4-5-2025

சுதாகருக்கு,

உன் பெரியப்பன் பக்தவச்சலம் சொல்லச் சொல்ல, ஜெராக்ஸ் கடை ஆபிரகாம் எழுதுகிறார். என் பேச்சை அப்படியே எழுதினால் படிக்கச் சகிக்காது, நல்ல தமிழில்தான் எழுதுவேன் என்று அடம் பிடிக்கிறார். எழுதட்டும். விஷயம் என்னுடையது.

நீ போன் போட்டுக்கொண்டே இருந்தாய். நான்தான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ "பெரிப்பா" என்று ஆரம்பிப்பாய். என் தம்பி கடலில் போன பிறகு அந்தக் குரலைத் தோளில் போட்டு வளர்த்தவன் நான். கேட்டால் இளகிவிடுவேன். கேட்க வேண்டியதைக் கேட்காமலே வைத்துவிடுவேன். கேளம்பாக்கத்துக்கும் நம் குப்பத்துக்கும் ஒரு பஸ் தூரம்தான். ஆனாலும் எழுத்திலேயே பேசுவோம்.

உன் அக்கா ஆதிக்கு வேலை போய்விட்டது. இறால் கம்பெனியில் ஒப்பந்தம் வருஷா வருஷம் முடியும், வருஷா வருஷம் மறுநாளே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். இந்த முறை வேன் வந்தது. ஆதியையும் பார்வதத்தையும் இன்னும் சிலரையும் கீழே விட்டுவிட்டு மற்றவர்களோடு போய்விட்டது. டிரைவர் யார் முகத்தையும் பார்க்கவில்லையாம்.

யார் யார் விடப்பட்டார்கள் தெரியுமா? உன்னிடம் வலி என்று சொன்னவர்கள். அவர்கள் மட்டும்.

நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. போன ஆடி மாசம், கூழ் ஊற்றின மறுநாள். இறால் கம்பெனியில் வேலை மேசைகளை ஆய்வு செய்து மாற்ற வந்தவன் நீ, வலைக் கொட்டகையில் பெண்களை உட்காரவைத்துப் பேசினாய். நீலச் சட்டை, அதில் பட்டாணி அளவுக்கு ஒரு குழம்புக் கறை, ஆதி ஊற்றின நெத்திலிக் குழம்பு. ஆளுக்குத் தகுந்த மாதிரி மேசை இருக்கணும், மேசைக்குத் தகுந்த மாதிரி ஆளு வளையக்கூடாது என்று சொன்னாய். ஆதி குள்ளம், கம்பெனி மேசை உயரம். மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் ஏறி நின்று, ஈரத்தில் வழுக்கிக்கொண்டே இறால் உரிக்கிறாள் என்பதை நீதான் பார்த்துச் சொன்னாய். நான் பெற்றவன், எனக்கே அது தெரியாது. அன்றைக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

"எங்க வலிக்குதுன்னு சொன்னாதானே மாத்த முடியும்" என்றாய். யாரும் வாயைத் திறக்கவில்லை. பார்வதம்தான் சொன்னாள்: "வலின்னு சொன்னா வூட்டுக்கு அனுப்பிடுவான் தம்பி. உனக்கு இன்னா, காரு வெயிட்டிங்ல கீது."

நீ சொன்னாய்: "பேரே கிடையாதுக்கா. ஆம்பளயா பொம்பளயான்னுகூடத் தெரியாத ஒரு உருவப் படம். வலிக்கிற எடத்துல ஒரு புள்ளி வெச்சா போதும்."

அப்போதும் அவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள். நான் எழுந்து, "இன்னாடி பாக்குறீங்க? எந்தம்பி புள்ள அவன். நான் சொல்றேன், வையுங்க" என்றேன். தலையாட்டினார்கள்.

அந்தப் படத்தை நீ கம்பெனியில் மாட்டினாய், அவர்களும் புள்ளி வைத்தார்கள். என்னிடம் ஒரே ஒரு பதில் சொல். பேர் இல்லாத படத்திலிருந்து பேர் எப்படி வெளியே வந்தது?

பக்தவச்சலம்
(கைநாட்டு வைத்திருக்கிறார். — ஆபிரகாம்)

*

கேளம்பாக்கம்
11-5-2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபிஸில் வைத்துப் படிக்க முடியவில்லை. காரில் உட்கார்ந்து படித்தேன். ஆதி அக்காவின் வேலை பற்றி எனக்கு எதுவும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அறிந்ததும் அதிர்ந்துபோனேன்.

ஆனால் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். ஒப்பந்தப் புதுப்பித்தல் முழுக்க நிர்வாகத்தின் முடிவு. ஆர்டர் குறைந்திருக்கலாம். வயதைப் பார்த்திருக்கலாம். இதற்கும் நான் செய்த ஆய்வுக்கும் தொடர்பு இருப்பதாக நினைப்பது இயல்புதான், ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. படத்தில் ஒரு பெயர்கூட இல்லை, நீங்களே பார்த்தீர்கள். எத்தனை பேருக்குத் தோள், எத்தனை பேருக்கு மணிக்கட்டு, எத்தனை பேருக்கு இடுப்பு என்றுதான் என் ரிப்போர்ட்டில் இருக்கிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. புது மேசைகளுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினால் மேசை ஏறும், இறங்கும். குள்ளமானவர்கள் இனி மீன் பெட்டி மேல் நிற்க வேண்டாம். இறால் தட்டு கைக்கெட்டுகிற தூரத்துக்கு நெருங்கி வந்துவிடும், தோளைத் தூக்க வேண்டியதில்லை. காலை மாற்றி மாற்றி வைக்கக் கீழே ஒரு குழாய்க் கம்பி. நின்றபடியே சாய்ந்துகொள்ள ஒரு சின்ன இருக்கை. இந்தக் கடற்கரையில் வேறு எந்தக் கம்பெனியிலும் இது இல்லை. மேசையின் மிகத் தாழ்ந்த நிலையை அக்காவின் முழங்கை உயரத்தை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

நிர்வாகத்திடம் பேசுகிறேன். கொஞ்சம் பொறுமையாக இருங்கள். போனை எடுங்கள் பெரியப்பா.

உங்கள்
சுதாகர்

*

கடப்பாக்கம்
20-5-2025

சுதாகருக்கு,

மேசையைப் பற்றி எழுதியிருக்கிறாய். அது வந்து இறங்கிவிட்டது. உள்ளே வேலை செய்கிற பெண்கள் சொன்னார்கள், ரொம்ப நன்றாக இருக்கிறதாம். ஆதியின் முழங்கைக்கு அளவெடுத்த மேசை முன்னால் மரக்காணத்திலிருந்து வந்த சின்னப் பெண் ஒருத்தி நிற்கிறாள். அவளுக்காகக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி மேலே ஏற்ற வேண்டியிருக்கிறதாம்.

பேர் எப்படி வெளியே வந்தது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஆதாரம் கேட்டாய். ஆதாரம் இதோ.

இறால் கூடத்துக்குள் போகும்போது பொட்டு வைத்துக்கொண்டு போகக் கூடாது. இறாலில் விழுந்துவிடும் என்று சட்டம். அதனால் உடுப்பு மாற்றும் அறையில், கண்ணாடியில் அவரவர் பொட்டை ஒட்டிவிட்டுப் போவார்கள், வரும்போது எடுத்து வைத்துக்கொள்வார்கள். அவரவருக்கு அதில் ஓர் இடம் உண்டு. ஆதியுடையது சின்னப் பச்சை. பார்வதத்துடையது, புருஷன் போனதற்கப்புறம் வைக்கிற கறுப்பு. இன்னொருத்தி கல் பதித்தது. கண்ணாடியைப் பார்த்தாலே இன்றைக்கு யார் லீவு என்று சொல்லிவிடலாமாம்.

நீ அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில்தான் படத்தை மாட்டினாய். பேனா கட்டித் தொங்கவிட்டாய். ஈரக் கையில் பேனா எழுதவில்லை. நம் ஆதிதான், "அட, இது எதுக்கு?" என்று கண்ணாடியிலிருந்த பொட்டை எடுத்துப் படத்தின் தோளில் ஒட்டினாளாம். எல்லாரும் சிரித்துக்கொண்டே ஒட்டினார்கள். நீ பார்த்துக் கைதட்டினாயாம். "சூப்பர் ஐடியாக்கா" என்றாயாம்.

அந்தக் கண்ணாடி முன்னால் தினம் நின்று, யார் நெற்றியிலாவது பொட்டு இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விடுகிறவள் சூப்பர்வைசர் சுஷ்மிதா. அவளுக்குத் தெரியாத பொட்டு கிடையாது.

எங்கள் பெண்கள் செய்த தப்பு அது, உன் தப்பு இல்லை என்றுதான் நினைத்தேன். படிப்பறிவில்லாதவர்கள் விளையாட்டாகச் செய்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேற்று வரைக்கும்.

நேற்று சுஷ்மிதா வீட்டுக்கு வந்தாள். ஆதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மேனேஜர் படத்தைக் காட்டி, இந்தப் பச்ச யாரு, இந்தக் கறுப்பு யாருன்னு ஒண்ணொண்ணா கேட்டாருக்கா. வேலைக்குப் பயந்துகினு சொல்லிட்டேன்" என்றாள். "அந்த ரூம்ல வேற யாரு இருந்தாங்க?" என்று ஆதி கேட்டாள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "உங்க தம்பியும்தான்க்கா. எதிர்க்க உக்காந்துகினு இருந்தாரு."

ஆதி எழுந்து போய் அவளுக்கு டீ போட்டாள்.

தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் இப்போது என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். பார்வதம் மட்டும் நிறுத்துவதில்லை. "உன் வூட்டுப் பொண்ணையே வித்துட்டு வந்தவன், எங்களை எந்த மூலைக்கு வெப்பான்? நீ எழுந்து நின்னு சொல்லலைன்னா நான் வலின்னு காட்டியிருப்பனா, சொல்லு" என்றாள்.

செங்கல்பட்டில் தொழிலாளர் அதிகாரியிடம் மனு கொடுத்திருக்கிறோம். ஜூலை முதல் வாரம் விசாரணை. நீ வந்து, அந்த ரூமில் என்ன நடந்தது என்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும். வலி சொன்னதற்காகத்தான் இவர்களை நிறுத்தினார்கள் என்று அங்கே உட்கார்ந்து பார்த்தவன் நீ ஒருத்தன்தான். சுஷ்மிதா சொல்ல மாட்டாள், அவளுக்கு அந்த வேலையை விட்டால் ஒன்றும் கிடையாது. நீ சொன்னால் இவர்களுக்கு வேலை திரும்பக் கிடைக்கும்.

வருவாயா, மாட்டாயா? அதை மட்டும் எழுது.

பக்தவச்சலம்

*

கேளம்பாக்கம்
2-6-2025

பெரியப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன்.

ஆமாம், அந்த அறையில் இருந்தேன். மேனேஜர் கேட்டபோது, யாருக்கு எந்த மேசை ஒதுக்குவது என்று பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். வலி அதிகம் உள்ளவர்களை எடை போடும் பகுதிக்கு மாற்றலாம் என்றுகூட ஒரு பேச்சு வந்தது. அதைத் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது நல்லதற்கு என்றுதான் பட்டது. நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. யார் பெயரையும் என் வாயால் சொல்லவில்லை.

நீங்கள் என்னை எப்படி நினைக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. எனக்கும் வருத்தம் உண்டு. இந்த வேலைக்கு நான் எதற்கு வந்தேன்? ஐடி கம்பெனியில் கணினி முன்னால் உட்கார்கிறவனுக்கு முதுகுக்கு ஒரு நாற்காலி, கழுத்துக்கு ஒரு திரை என்று பார்த்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். ஐஸில் கை விறைத்து நிற்கிற பெண்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றுதான் இறால் கம்பெனிக்கு வந்தேன். அவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். நான் அவர்களுக்கு எதிராகப் போய்ச் சாட்சி சொன்னால், நாளைக்கு எந்தத் தொழிற்சாலையும் என்னை உள்ளே விடாது. எங்கேயும் ஒரு மேசையும் மாறாது. இதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

ஆனாலும் வருகிறேன். உங்களுக்காகவும் அக்காவுக்காகவும் வருகிறேன். தேதி தெரிந்ததும் எழுதுங்கள்.

சுதாகர்

*

கடப்பாக்கம்
6-7-2025

சுதாகருக்கு,

ஆபிரகாமும் விசாரணைக்கு எங்களோடு வந்தார். அதனால் நான் சொல்வதில் கூட்டல் குறைத்தல் இருந்தால் அவரே திருத்துவார்.

விடிந்ததும் பஸ் ஏறினோம். மதுராந்தகத்தில் பஸ் மாறும்போது டீக்கடையில் பார்வதம் எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தாள். வேலை போன நாளிலிருந்து அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசினது அன்றைக்குத்தான். "உன் தம்பி புள்ள வர்றான் இல்ல?" என்று கேட்டாள். "வர்றேன்னு எழுதியிருக்கான்" என்றேன். "வந்தா நான் அவனைத் திட்டுனதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றாள். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள்.

ஆபிஸ் வாசலில் நின்று ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போனோம். நீ இல்லை. உன் காகிதம் இருந்தது.

கம்பெனி வக்கீல்தான் அதைக் கொடுத்தார். அதிகாரி அம்மா சத்தமாகப் படித்தார். 'படத்தில் எந்தத் தொழிலாளியின் பெயரும் குறிக்கப்படவில்லை. யாருடைய அடையாளத்தையும் நான் எவருக்கும் தெரிவிக்கவில்லை.' கீழே உன் கையெழுத்து. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் உன் கையெழுத்து தெரியும். நீ முதல் முதலாகச் சிலேட்டில் போட்டுக் காட்டினது என்னிடம்தான்.

அதில் பொய் ஒன்றும் இல்லை சுதாகரு. ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். பொய் சொல்லியிருந்தால்கூடப் பயந்துவிட்டான் என்று விட்டிருப்பேன். நிஜத்தைப் பொறுக்கி எடுத்து, எங்களுக்கு எதிராக அடுக்கி, அவர்கள் கையில் கொடுத்திருக்கிறாய்.

பிறகு நடந்ததைக் கேள். கம்பெனி ஆள் எழுந்து, "நாங்க யாரையும் பழிவாங்கலைங்க. ஒடம்பு முடியாதவங்கள வேலை வாங்கறது பாவம். நல்லா இருக்கறவங்க நாளைக்கே வரட்டும், எடுத்துக்கறோம்" என்றான்.

அதிகாரி அம்மா நல்ல மாதிரி. "நீங்களே சொல்லுங்க, வலி இருக்குன்னு சொன்னதாலதான் நிறுத்துனாங்களா? உங்களுக்கு வலி இருக்கா?" என்று முதலில் நின்றவளைக் கேட்டார்.

அவள் கம்பெனி ஆளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "வலில்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்றாள்.

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். வாசல் வரைக்கும் கோபமாகப் பேசிக்கொண்டு வந்த பெண்கள். பார்வதம் முறை வந்தது. அவளாவது உள்ளதைச் சொல்வாள் என்று பார்த்தேன். முட்டிக்கு மேல் இருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டு, "எனக்கு இன்னா மேடம், கல்லு மாதிரி கீறேன்" என்றாள்.

கடைசியில் ஆதி. நீ அவளைப் பார்த்திருக்க வேண்டும். தலை வார அவளுக்குக் கை தூக்க முடியாது, மாசக் கணக்காக நான்தான் வாரிப் பின்னல் போட்டுவிடுகிறேன். பின்னல் கோணலாகத்தான் வரும், வலை முடிகிற கைக்கு வேறு என்ன வரும். அப்படிப்பட்டவள் அதிகாரி முன்னால் கையைக் காதுக்கு மேல் உயரத் தூக்கிக் காட்டினாள். "நல்லாத்தான் கீதும்மா" என்றாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், அது எனக்குத்தான் தெரிந்தது.

வலியே இல்லை என்றால் வலிக்காக நிறுத்தினார்கள் என்பது எப்படி நிற்கும்? மனு தள்ளுபடி. அதிகாரி அம்மா எங்களைப் பார்த்து, "எதுக்கும்மா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

நீ வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர்கள் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

மறுநாள் வேன் வந்தது. ஆதி ஏறிவிட்டாள். பார்வதத்தால் படியில் கால் வைக்க முடியவில்லை. டிரைவர் இறங்கி வந்து கைகொடுத்தான், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

பக்தவச்சலம்

*

கேளம்பாக்கம்
15-12-2025

பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை மாதம் பதில் எழுதாததற்குக் காரணம் சொல்ல மாட்டேன். விசாரணை அன்று காலையில், குப்பத்துக்கு வந்து உங்களையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று காரை எடுத்தேன். மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம் வரைக்கும் வந்தேன். அங்கே அணுமின் நிலையத்து ஸ்டாஃப் பஸ்கள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன, வழி கிடைக்கவில்லை. நின்றேன். வழி கிடைத்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் திரும்பிவிட்டேன். அந்தக் காகிதத்தை அவர்கள் முந்தின நாளே வாங்கியிருந்தார்கள்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்காக. மேசை மாறி ஆறு மாதம் ஆனதும், வலி குறைந்திருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். அதுதான் இந்த வேலையின் முறை. போன வாரம் அதே படத்தைப் புதிதாக அச்சிட்டு, பழையபடி, அதே சுவரில் மாட்டினோம். மாலையில் போய்ப் பார்த்தேன். படம் காலியாக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை, பெரியப்பா. இடுப்பில் இல்லை, மணிக்கட்டில் இல்லை, தோளில் இல்லை.

இப்படி ஒரு முடிவு எங்கேயும் வந்ததில்லை என்கிறார்கள். கம்பெனி அதை வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஜனவரியில் சென்னையில் ஒரு கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டும். மேசை நல்ல மேசைதான், கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றுமே இல்லை என்றால்... உங்களிடம் மட்டும் கேட்கிறேன். இது நிஜம்தானா? ஆதி அக்காவுக்குக் கை எப்படி இருக்கிறது? யாருக்கும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தால் போதும். நிஜம் தெரிந்தால்தான் மேசையில் இன்னும் என்ன சரி செய்வது என்று பார்க்க முடியும்.

பொங்கலுக்கு வரலாமா?

சுதாகர்

*

கடப்பாக்கம்
28-12-2025

சுதாகருக்கு,

பொங்கலுக்கு வா. உன் அப்பன் வீடு இது, வரலாமா என்று கேட்க வேண்டியதில்லை. இலை போடுவோம். ஆதி உனக்குப் பிடித்த குழம்பு வைப்பாள். பார்வதம் வீட்டுப் பக்கம் மட்டும் போகாதே.

உன் கடிதத்தை ஆபிரகாம் படித்துக் காட்டும்போது ஆதியும் இருந்தாள். படம் காலி என்ற இடம் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒன்றும் செய்யவில்லையாம். முதலில் உள்ளே போனவள் படத்தைப் பார்க்காமல் போனாள். அடுத்தவளும் அப்படியே போனாள். அவ்வளவுதான் நடந்தது.

அதை உன் கூட்டத்தில் சொல்வதா வேண்டாமா என்பது உன் பாடு.

ஆதிக்குக் கை எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். நீ சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும். போன தடவையும் உன் வாயால் நீ ஒன்றும் சொல்லவில்லை.

(இந்த இடத்தில் அவர் நாலைந்து வரி சொன்னார். எழுதினேன். எழுதி முடித்ததும், "அடிச்சிடு ஆபிரகாம், அது வாணாம்" என்றார். அடித்துவிட்டேன். — ஆபிரகாம்)

ஆதிக்குக் கை நன்றாக இருக்கிறது. வலி எதுவும் இல்லை. எனக்கும் இல்லை. குப்பத்தில் யாரைக் கேட்டாலும் உனக்கு இதைத்தான் சொல்வார்கள்.

பக்தவச்சலம்